ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல்: வாக்கு எங்கே வீணாகிறது

ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் என்பது நான்கு நாட்களுக்குள் நடந்து முடியும் 27 தேர்தல்களின் கூட்டுப்பெயர். 2024 ஜூன் 6 வியாழனன்று நெதர்லாந்து தொடங்கியது. மறுநாள் அயர்லாந்து, வெள்ளியும் சனியுமாக செக் நாடு, சனியன்று லாத்வியா, மால்டா, ஸ்லோவாக்கியா, சனி ஞாயிறு இரண்டு நாளும் இத்தாலி, மற்றவர்கள் எல்லோரும் ஜூன் 9 ஞாயிறு. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வாக்குச்சீட்டு, தன் கணக்கு, தன் கடைசித் தேதி. ஒரு நாட்டில் சரியாக வாக்களித்துப் பழகியவர் எல்லை தாண்டிக் குடியேறியதும் தடுமாறுவது இதனால்தான். பாரிசில் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய தமிழ்க் குடும்பம் வேலைக்காக ஜெர்மனிக்கோ நெதர்லாந்துக்கோ போய்விட்டால், வாக்கு அவர்களோடு தானாகக் கூடவே வராது. அதைத் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும்.

யாருக்கு வாக்கு உண்டு என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம், இதில் குழப்பம் நிறைய. ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றின் குடியுரிமை இருக்க வேண்டும். வதிவிட அனுமதி போதாது, அது பத்து வருட அனுமதியாக இருந்தாலும் சரி. நோர்வேயும் சுவிட்சர்லாந்தும் ஒன்றியத்தில் இல்லை. அங்கே குடியுரிமை பெற்றுவிட்ட நம் ஆட்களுக்கு இந்தத் தேர்தலில் இடமில்லை. பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று வெளியேறியதோடு அங்கேயும் முடிந்தது. ஆனால் அதற்கு முன், 2019 மே 23 அன்று பிரிட்டனில் நடந்த கடைசி ஐரோப்பியத் தேர்தல் வரை, காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் அங்கே வாழ்ந்த இந்திய, இலங்கைக் குடிமக்கள் வாக்களிக்க முடிந்தது. இன்று லண்டனில் இருக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள் பிரெஞ்சுத் தூதரகச் சாவடியில் பிரான்சின் வேட்பாளர் பட்டியலுக்கு வாக்களிக்கிறார்கள்.

வயதும் நாட்டுக்கு நாடு வேறு. ஆஸ்திரியா, மால்டா, ஜெர்மனி, பெல்ஜியம் ஆகிய நான்கிலும் 2024-ல் 16 வயதினர் வாக்களித்தார்கள். கிரீஸில் 17. மற்றவற்றில் பொதுவாக 18. வேட்பாளராக நிற்க இத்தாலியிலும் கிரீஸிலும் 25 வயது ஆக வேண்டும். பதினாறு வயதில் பெர்லினில் வாக்களிக்கலாம், எல்லை கடந்து போலந்தில் குடியிருந்து அந்த நாட்டு வேட்பாளர்களுக்கு வாக்களிக்க அதே பிள்ளைக்கு முடியாது. வீட்டில் பதினாறு, பதினேழு வயதில் பிள்ளைகள் இருந்தால், பெற்றோர் தங்களுக்கு வாக்களிப்பு அறிவிப்பு வந்ததா என்று பார்க்கும்போது பிள்ளை பெயருக்கும் வந்ததா என்று பாருங்கள்.

இனி பதிவு. வாக்குகள் அதிகம் தொலைவது இங்கேதான் என்பது எங்கள் திடமான அபிப்பிராயம்.

1993-ல் நடைமுறைக்கு வந்த மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் ஒரு உரிமையைத் தந்தது: ஒன்றியத்தின் எந்த நாட்டில் குடியிருக்கிறீர்களோ அந்த நாட்டின் வேட்பாளர்களுக்கு வாக்களிக்கலாம், அல்லது உங்கள் சொந்த நாட்டின் வேட்பாளர்களுக்கே வாக்களிக்கலாம். இரண்டில் ஒன்றுதான். 1994 தேர்தலிலிருந்து இது நடக்கிறது. குடியிருக்கும் நாட்டில் வாக்களிக்க முடிவு செய்தால், நகராட்சியில் முகவரி பதிந்திருப்பது மட்டும் பெரும்பாலான இடங்களில் போதாது. ‘நான் இங்கேதான் வாக்களிப்பேன், சொந்த நாட்டில் வாக்களிக்க மாட்டேன்’ என்று தனியாக ஒரு உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும். நெதர்லாந்தில் இதன் பெயர் ஒய்-32. ஜெர்மனியில் இது வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்.

கடைசித் தேதிகளைப் பாருங்கள். இத்தாலியில் குடியிருக்கும் பிற ஒன்றியக் குடிமக்கள் தேர்தலுக்கு 90 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பெல்ஜியத்தில் 2024-க்கு மார்ச் 31. பிரான்சில் நகராட்சியில் நேரில் பதிய மே 3. ஜெர்மனியில் தேர்தலுக்கு 21 நாள் முன்பு, அதாவது மே 19. தெருவில் சுவரொட்டி ஒட்டத் தொடங்கும்போதுதான் நமக்குத் தேர்தல் ஞாபகமே வருகிறது. ஜெர்மனியில் அப்போதும் தப்பிக்க வழியுண்டு. இத்தாலியிலும் பெல்ஜியத்திலும் அதற்குள் கதவு சாத்தியாகிவிட்டிருக்கும். தேர்தல் ஜூன் மாதம் என்றால் அந்த ஆண்டு ஜனவரியிலேயே நகராட்சிக்கு ஒரு கடிதம் போட்டு, ‘ஐரோப்பியத் தேர்தலுக்கு என் பெயர் இருக்கிறதா’ என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வதே பத்திரம்.

உறுதிமொழிப் படிவத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2019 பிரிட்டன் நல்ல சாட்சி. பட்டியலில் பெயர் இருந்த ஒன்றியக் குடிமக்கள், மே 7-க்குள் அந்த இரண்டாவது படிவம் போய்ச் சேராததால், சாவடி வாசல் வரை வந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். உள்ளாட்சித் தேர்தலுக்கு அதே பெயர், அதே பட்டியல் போதுமானதாக இருந்தது. அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

சொந்த நாட்டின் பட்டியலுக்கே வாக்களிப்பேன் என்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அயர்லாந்து, மால்டா, செக் நாடு, ஸ்லோவாக்கியா ஆகியவை 2024-ல் வெளிநாட்டில் வாழும் சாதாரணக் குடிமக்களுக்கு அங்கிருந்தபடி வாக்களிக்க வழி வைக்கவில்லை. பெர்லினில் இருக்கும் ஐரிஷ்காரர் ஒன்று ஜெர்மன் வாக்காளர் பட்டியலில் சேர வேண்டும், இல்லையேல் விமானம் ஏற வேண்டும்.

இரண்டு இடத்திலும் போடக் கூடாது என்று சொன்னோம். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இரண்டு நாட்டிலிருந்தும் அறிவிப்பு வருவதுண்டு. அறிவிப்பு வந்துவிட்டது என்பதால் உரிமை இரண்டாகிவிடாது. 2014-ல் ஜெர்மனியின் பெயர்பெற்ற பத்திரிகையாளர் ஒருவர் இத்தாலியத் தூதரகத்தில் ஒன்றும் தன் நகரச் சாவடியில் ஒன்றுமாக வாக்களித்ததைத் தொலைக்காட்சியில் இயல்பாகச் சொல்லிவிட்டார். விசாரணை வந்தது. ஜெர்மன் சட்டத்தில் இதற்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்க இடமிருக்கிறது. நாடுகள் தங்களுக்குள் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன, ஆனால் பெயரின் எழுத்துக்கூட்டல் இடறினால் ஆள் பொருந்தாது. தந்தை பெயர் ஒரு ஆவணத்தில் முதற்பெயராகவும் இன்னொன்றில் குடும்பப் பெயராகவும் நிற்கும் தமிழர்கள் விண்ணப்பத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடியே, அதே வரிசையில் எழுதுங்கள்.

பெல்ஜியம், லக்சம்பர்க் இரண்டிலும் இன்னொரு விஷயம். அங்கே வாக்களிப்பது கட்டாயம். பிற ஒன்றியக் குடிமக்கள் பதிவதும் பதியாததும் அவர்கள் விருப்பம், பதிந்துவிட்டால் கட்டாயம் அவர்களையும் பிடித்துக்கொள்ளும். பல்கேரியாவிலும் கிரீஸிலும் சட்டப்படி கட்டாயம்தான்.

சரி, வாக்குச்சீட்டுக்கு வருவோம். விதிகள் ஒன்றுக்கொன்று நேர் எதிராகப் போவது இந்த இடத்தில்தான்.

ஜெர்மனியில் நீளமான ஒரே தாள், கட்சிகளின் பட்டியல், ஒரே ஒரு குறி. ஜெர்மனியின் சொந்த நாடாளுமன்றத் தேர்தலில் இரண்டு வாக்கு போட்டுப் பழகியவர் இங்கேயும் இரண்டு போட்டால் சீட்டு செல்லாது. பெயர்களை அடிப்பதோ வரிசை மாற்றுவதோ கிடையாது. கட்சி தந்த வரிசை தந்ததுதான். தபாலில் வாக்களிப்பவர்கள் சீட்டை உள் உறையில் போட்டு ஒட்டி, அதையும் கையொப்பமிட்ட வாக்களிப்புச் சான்றையும் சிவப்பு வெளி உறைக்குள் வைக்க வேண்டும். சான்றைத் தவறி உள் உறைக்குள் வைத்தால், அல்லது கையொப்பம் இடாவிட்டால், உள்ளே இருக்கும் சீட்டை யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஞாயிறு மாலை 6 மணிக்குள் அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தபால் முத்திரைத் தேதி கணக்கில் இல்லை.

பிரான்சில் சாவடி மேசையில் ஒவ்வொரு பட்டியலுக்கும் தனித்தனிச் சீட்டு அடுக்கியிருக்கும். 2024-ல் 38 பட்டியல்கள். சிலவற்றை எடுத்துக்கொண்டு மறைவிடத்துக்குப் போய் ஒன்றை மட்டும் உறையில் போட வேண்டும். இரண்டு வெவ்வேறு பட்டியலின் சீட்டு இருந்தால் செல்லாது. சீட்டில் ஒரு சொல் கிறுக்கினாலும் செல்லாது. சீட்டு அச்சடிக்கும் செலவு கட்சிகளுடையது என்பதால், சிறிய பட்டியல்களின் சீட்டு மேசையில் இல்லாமலே போகும். அவர்கள் தங்கள் சீட்டை வீட்டில் அச்சிட்டுக் கொண்டுவரச் சொல்வார்கள். வர முடியாதவர் காவல் நிலையத்தில் பதிந்து இன்னொருவரைத் தன் சார்பில் அனுப்பலாம். அந்த ஆள் வேறு ஊர்ப் பட்டியலில் இருக்கலாம், ஆனால் வாக்களிக்க உங்கள் சாவடிக்கே வர வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டு, அவர் தன் ஊர்ச் சாவடியில் போய் நின்றால் உங்கள் வாக்கு அவ்வளவுதான்.

நெதர்லாந்தில் சிவப்புப் பென்சில். ஒரு வேட்பாளரின் வட்டத்தை நிரப்ப வேண்டும். அடையாள அட்டை காலாவதியாகி ஐந்து ஆண்டு வரை ஆகியிருந்தாலும் ஏற்பார்கள், ஆனால் அட்டையே இல்லாமல் முடியாது. மற்றவருக்காக ஒருவர் அதிகபட்சம் இரண்டு வாக்கு போடலாம், தன் வாக்கைப் போடும் அதே நேரத்தில். காலையில் தனக்கும் மாலையில் மாமியாருக்கும் என்று இரண்டு நடை போட முடியாது. அவருடைய அடையாள அட்டையின் நகலும் கையில் வேண்டும்.

இத்தாலி நாட்டை ஐந்து தொகுதிகளாகப் பிரித்திருக்கிறது. கட்சிச் சின்னத்தின் மேல் குறியிட்டு, அருகில் மூன்று பெயர் வரை எழுதலாம். இலங்கையில் விருப்பு வாக்குக்குப் பழகியவர்களுக்கு இது கைவந்த கலை, ஒரு நிபந்தனையைத் தவிர: ஒன்றுக்கு மேல் எழுதினால் ஆணும் பெண்ணும் கலந்திருக்க வேண்டும். ஒரே பாலினராக எழுதினால் முதல் பெயர் மட்டும் நிற்கும், இரண்டாவதும் மூன்றாவதும் ரத்து.

பின்லாந்தில் வேட்பாளரின் எண்ணை வாக்காளரே கையால் எழுத வேண்டும். எண்கள் 2-லிருந்து தொடங்கும். 1 என்பது வெறும் கோடாகத் தோன்றிவிடும் என்பதால் அதை யாருக்கும் தருவதில்லை. சாவடியில் ஒவ்வொரு இலக்கத்தையும் எப்படி எழுதுவது என்று மாதிரி ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்த்தே எழுதுவது நல்லது. லக்சம்பர்க்கில் ஆறு இடம், ஆறு வாக்கு. ஒரு பட்டியலின் தலையில் உள்ள வட்டத்தை நிரப்பினால் ஆறும் அந்தக் கட்சிக்கு. இல்லையேல் பல கட்சிகளின் ஆட்களுக்கிடையே பிரித்துப் போடலாம், ஒருவருக்கு இரண்டு வரை. எண்ணிக்கை ஏழானால் சீட்டு செல்லாது. எஸ்தோனியாவில் தேர்தலுக்கு முந்தைய வாரம் இணையத்தில் வாக்களிக்கலாம். மனம் மாறினால் மறுபடி போடலாம், கடைசியாகப் போட்டதே எண்ணப்படும். நேரில் போய்க் காகிதத்தில் போட்டால் அது இணைய வாக்கை அழித்துவிடும்.

அயர்லாந்தின் முறையைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், அங்கேதான் வாக்காளருக்கு அதிக அதிகாரம், அதிகக் குழப்பம். டப்ளின் தொகுதிக்கு 4 இடம், தெற்குக்கு 5, மத்திய-வடமேற்குக்கு 5. வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என்று எண்ணிடுவீர்கள். கட்சி எல்லை கிடையாது. 2024-ல் மத்திய-வடமேற்கில் 27 பேர் நின்றார்கள். 27-க்கும் எண் போட வேண்டிய கட்டாயம் இல்லை.

செல்லுபடியான வாக்கு 6,00,000, இடம் 5 என்று வையுங்கள். இடத்தோடு ஒன்று கூட்டி 6-ஆல் வகுத்தால் 1,00,000. அதோடு ஒன்று சேர்த்து 1,00,001 வாங்கியவர் வென்றார். அதற்கு மேல் வாங்கிய உபரி அடுத்த விருப்பங்களுக்குப் போகும். யாரும் அந்த எண்ணைத் தொடாத சுற்றில், கடைசியில் நிற்பவரை நீக்கி அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பப்படி பிரிப்பார்கள். இப்படியே ஐந்து இடமும் நிரம்பும்வரை, நாள் கணக்கில் எண்ணுவார்கள். ‘இரண்டாவது எண் போட்டால் என் முதல் ஆளுக்குக் கெடுதல்’ என்ற பயம் பரவலாக இருக்கிறது. அது தவறு. உங்கள் முதல் ஆள் வெல்லும் வரை அல்லது நீக்கப்படும் வரை 2 என்ற எண்ணை யாரும் தொடுவதில்லை. பாதியில் நிறுத்தினால்தான் நட்டம்: உங்கள் ஆட்கள் எல்லோரும் நீக்கப்பட்ட பின், கடைசி இடத்துக்கு இருவர் மோதும் சுற்றில் உங்கள் சீட்டு சும்மா கிடக்கும். அந்த இருவரில் யார் வேண்டாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் கீழ்வரை எண்ணிடுங்கள்.

அயர்லாந்தில் திரும்பத் திரும்பக் காணும் தவறு இன்னொன்று. ஐரோப்பியத் தேர்தலும் உள்ளாட்சித் தேர்தலும் ஒரே நாளில் நடக்கும், கையில் இரண்டு சீட்டு தருவார்கள். சிலர் முதல் சீட்டில் 1, 2, 3 போட்டுவிட்டு இரண்டாவதில் 4, 5, 6 என்று தொடர்வார்கள். அது வாக்கைச் செல்லாததாக்கிவிடக்கூடிய ஆபத்து. ஒவ்வொரு சீட்டும் 1-லிருந்துதான் தொடங்க வேண்டும்.

வாக்கு இடமாக மாறும் கணக்கையும் தெரிந்துகொள்வது பயன்படும். எல்லா நாடும் விகிதாசாரம்தான், ஆனால் விகிதாசாரத்துக்குள்ளும் வகை உண்டு. 6 இடம், 1,00,000 வாக்கு. அ கட்சி 51,000, ஆ கட்சி 26,000, இ கட்சி 12,000, ஈ கட்சி 11,000. ஸ்பெயின், பிரான்ஸ் போன்றவை கையாளும் டி ஹோண்ட் முறையில் ஒவ்வொரு கட்சியின் வாக்கையும் 1, 2, 3, 4 என்று வகுத்து, வரும் ஈவுகளில் பெரிய ஆறைப் பொறுக்க வேண்டும். அவை 51,000, 26,000, 25,500, 17,000, 13,000, 12,750. ஆக அ கட்சிக்கு 4, ஆ கட்சிக்கு 2, மற்ற இருவருக்கும் ஒன்றுமில்லை. ஜெர்மனி கையாளும் செயின்ட்-லாகு முறையில் 1, 3, 5 என்று ஒற்றைப்படை எண்களால் வகுப்பார்கள். பெரிய ஆறு 51,000, 26,000, 17,000, 12,000, 11,000, 10,200. இப்போது அ 3, ஆ 1, இ 1, ஈ 1. வாக்காளர் ஒருவர்கூட மனம் மாறவில்லை, முடிவு மாறிவிட்டது.

இதற்கு மேல் வெட்டுப்புள்ளி, அதாவது அதற்குக் கீழே வாக்கு வாங்கிய கட்சிக்கு இடமே கிடையாது என்ற எல்லை. பிரான்ஸ், போலந்து, ஹங்கேரி 5 சதவீதம். இத்தாலி, ஆஸ்திரியா, சுவீடன் 4. கிரீஸ் 3. ஸ்பெயினில் இல்லை. ஜெர்மனியில் 5 சதவீதத்தை 2011-லும் அதற்குப் பதில் கொண்டுவந்த 3 சதவீதத்தை 2014-லும் அரசியல் சாசன நீதிமன்றமே ரத்து செய்தது. அதனால் 2014-ல் 0.6 சதவீதம் வாங்கிய கட்சிகளுக்கும் ஓர் இடம் கிடைத்தது. ‘சின்னக் கட்சிக்குப் போட்டால் வீண்’ என்ற அறிவுரை பிரான்சில் 4 சதவீதத்தில் நிற்கும் கட்சிக்குப் பொருந்தும், ஜெர்மனியில் 1 சதவீதக் கட்சிக்குக்கூடப் பொருந்தாது. அறிவுரை சொல்லும் உறவினர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று முதலில் பாருங்கள்.

இடங்களும் மக்கள்தொகைக்கு நேர் விகிதத்தில் இல்லை. மொத்தம் 720. ஒரு நாட்டுக்குக் குறைந்தது 6, அதிகபட்சம் 96. சுமார் 5.5 லட்சம் மக்களுள்ள மால்டாவுக்கு 6, அதாவது கிட்டத்தட்ட 90,000 பேருக்கு ஒருவர். சுமார் 8.4 கோடி மக்களுள்ள ஜெர்மனிக்கு 96, ஏறக்குறைய 8.7 லட்சம் பேருக்கு ஒருவர். தெரிந்தே செய்த ஏற்பாடு இது. சிறிய நாட்டுக்கு மக்கள்தொகைப்படி மட்டும் கொடுத்தால் அங்கிருந்து ஒரு கட்சியின் குரல் மட்டுமே போய்ச் சேரும். நமக்கு இது நியாயமாகவே படுகிறது.

கட்சியைத் தேர்ந்தெடுக்கும்போது பலர் பார்க்கத் தவறுவது, ஐரோப்பிய நாடாளுமன்றம் கூடும் ஸ்ட்ராஸ்பூர்கில் அது யாரோடு உட்காரும் என்பதை. அங்கே நாட்டுவாரியாக உட்காருவதில்லை. குறைந்தது 23 உறுப்பினர்கள், ஏழு நாடுகளிலிருந்து சேர்ந்தால் ஒரு குழு. இந்தக் குழுக்களே பேச நேரத்தையும் நாடாளுமன்றக் கமிட்டிகளின் தலைமைகளையும் பங்கிட்டுக்கொள்கின்றன. 2024 ஜூலை 16-ல் புதிய அவை கூடியபோது மக்கள் கட்சிக் குழுவுக்கு 188, சோஷலிஸ்டுகளுக்கு 136. அந்த ஜூலையில்தான் ‘ஐரோப்பாவின் தேசபக்தர்கள்’ என்ற குழுவே உருவானது. வாக்களித்த நாளில் அப்படி ஒரு குழு இல்லை. எனவே வாக்களிக்கும் முன் கட்சியின் பழைய உறுப்பினர்கள் எந்தக் குழுவில் இருந்தார்கள், அவர்கள் எப்படி வாக்களித்தார்கள் என்று நாடாளுமன்றத் தளத்தில் பாருங்கள். பெயர் சொல்லி நடக்கும் வாக்கெடுப்புகளின் பதிவு அங்கே திறந்தே கிடக்கிறது. துண்டறிக்கையை விட அது நம்பகமானது.

ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவரை வாக்காளர் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. 2014-ல் குழுக்கள் முன்கூட்டியே ஆளை அறிவித்து, வென்ற குழுவின் ஜான்-குளோட் யுங்கர் தலைவரானார். 2019-ல் மக்கள் கட்சி முன்னிறுத்திய மான்ஃபிரெட் வேபரை விட்டுவிட்டு, முன்னிறுத்தப்படாத உர்சுலா ஃபொன் டெர் லையனை நாடுகளின் தலைவர்கள் கொண்டுவந்தார்கள். 2024 ஜூலை 18-ல் அவர் மீண்டும் வந்தபோது 360 தேவைப்பட்ட இடத்தில் 401 வாக்கு பெற்றார். பெரும் வித்தியாசம் அல்ல. உங்கள் பட்டியலின் கடைசி இடத்தில் நுழைந்தவரின் வாக்கும் அந்த வாக்கெடுப்பில் கணக்கானது.

பட்டியலின் முதல் பெயரைப் பார்த்து மட்டும் வாக்களிக்காதீர்கள். 2024-ல் இத்தாலியப் பிரதமர் ஜோர்ஜா மெலோனி ஐந்து தொகுதிகளிலும் தன் கட்சிப் பட்டியலின் தலையில் நின்றார். ஒரு நாட்டின் அரசில் இருப்பவர் ஐரோப்பிய உறுப்பினராக இருக்க முடியாது என்பது சட்டம், ஆகவே அந்த இடங்களுக்கு அடுத்தடுத்த ஆட்கள்தான் போனார்கள். சொந்த நாட்டு நாடாளுமன்ற உறுப்பினருக்கும் இரண்டு பதவியும் சேர்ந்து கிடையாது. தலைவர் படம் போட்ட சுவரொட்டியைக் கண்டால் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது பெயர்களைத் தேடிப் படியுங்கள். ஐந்து ஆண்டு வேலை செய்யப்போவது அவர்களாக இருக்கலாம்.

முடிவுகளுக்காக வியாழனன்றே காத்திருக்க வேண்டாம். கடைசி நாட்டின் சாவடி மூடும் ஞாயிறு இரவு 11 மணிக்கு முன் எந்த நாடும் அதிகாரபூர்வ முடிவை வெளியிடக் கூடாது. நெதர்லாந்திலிருந்து முன்பே வருவது கருத்துக்கணிப்பு மட்டுமே.

அடுத்த தேர்தல் 2029-ல். ஜெர்மனியில் ஒருமுறை பட்டியலில் சேர்ந்த ஒன்றியக் குடிமக்களுக்கு அந்தப் பதிவு அடுத்த ஐரோப்பியத் தேர்தலுக்கும் தொடரும், ஊர் மாறினாலும் தொடரும். ஆனால் நாட்டைவிட்டு வெளியே குடிபெயர்ந்து முகவரியை நீக்கிவிட்டு, பிறகு திரும்பி வந்தால் பதிவு அறுந்துபோயிருக்கும். இடையில் ஒரு வருடம் ஊருக்கோ லண்டனுக்கோ போய் இருந்து வந்தவர்கள் அந்த விண்ணப்பத்தை மறுபடி முதலிலிருந்து கொடுக்க வேண்டும்.